நீரோவின் கன்னம் எப்போது உப்பியது?

பழங்காசு சேர்ப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. ரோமானியப் பேரரசர்களை ஆளுக்கொரு காசு என்று வரிசையாக அடுக்குவதில் அவர்களுக்கு நாட்டமில்லை. ஒரே ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பையனாக இருந்தபோது அடித்த காசு, தாடி அரும்பியபோது அடித்தது, கழுத்தில் சதை மடிந்தபின் அடித்தது என்று ஒரு மனிதரின் வயதை உலோகத்தில் தேடி எடுப்பார்கள். பள்ளிக்கூடப் படம், கல்யாணப் படம், பணி ஓய்வு நாளில் மாலையோடு எடுத்த படம் என்று கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருப்போமே, அதே வேலைதான்.

இதற்கு எல்லாப் பேரரசர்களும் ஒத்துவர மாட்டார்கள். அகஸ்டஸ் 75 வயதில் இறந்தார். காசில் மட்டும் கடைசிவரை வாலிபர். மார்க்கஸ் அரேலியஸ் நல்ல தேர்வு: கி.பி. 139இல் தாடியில்லாத பதினெட்டு வயதுப் பையனாகத் தொடங்கி, 180இல் அடர்ந்த தாடிக்காரராக முடிகிறார். எட்டு வயதில் காசுக்கு வந்த கரகல்லா, போகப்போக முகத்தைச் சுளித்தபடியே ஆளாகிறார். ஆனாலும் என்னைக் கேட்டால் நீரோதான். பதினாறு வயதில் பதவிக்கு வந்து முப்பது வயதில் செத்துப்போன ஒருவருடைய முகம் அதற்குள் இத்தனை முறை மாறியது வியப்பு. அதைவிட, ஒவ்வொரு மாற்றமும் அப்போது அவர் யார் கையில் இருந்தார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

நீரோ பிறந்தது கி.பி. 37 டிசம்பரில். தாய் அக்ரிப்பினா, பேரரசர் கிளாடியஸை மணந்தார். கிளாடியஸுக்குச் சொந்த மகன் இருக்கும்போதே, கி.பி. 50இல் நீரோ தத்து எடுக்கப்பட்டார். அவருடைய முதல் காசுகள் கிளாடியஸ் ஆட்சியிலேயே வந்துவிட்டன. முன்பக்கத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். தலையில் இலைக் கிரீடம் இல்லை. மெல்லிய கழுத்து, மழுமழுவென்ற கன்னம், நெற்றியில் சீவிவிட்ட குட்டை முடி. ஒரு வகையின் பின்பக்கத்தில் கேடயமும் ஈட்டியும் இருக்கும். குதிரைவீரர் வகுப்பு தன் ‘இளைஞர் தலைவருக்கு’ அளித்த மரியாதை என்று கேடயத்தில் எழுதியிருக்கும். இன்னொரு வகையில் பூசைக் கரண்டி, வளைந்த கோல், முக்காலி, தட்டு என்று குருமார்களின் சாமான்கள். அடுத்த வாரிசு இவன்தான் என்று ஊருக்குத் தண்டோரா போடும் காசுகள் இவை.

54 அக்டோபரில் கிளாடியஸ் இறந்ததும் வந்த காசைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தங்கத்திலும் வெள்ளியிலும் இது உண்டு. முன்பக்கத்தில் இரண்டு முகங்கள், ஒன்றையொன்று பார்த்தபடி, மூக்கு முட்டும் அளவு நெருக்கத்தில். ஒரு பக்கம் மகன், மறுபக்கம் தாய். இரண்டு தலைகளும் ஒரே அளவு. சுற்றியுள்ள எழுத்தைப் படித்தால் அது பேரரசரின் பெயர் இல்லை. ‘அக்ரிப்பினா அகுஸ்டா, தெய்வமான கிளாடியஸின் மனைவி, நீரோ சீசரின் தாய்’ என்று இருக்கிறது. பேரரசரின் பட்டங்கள் எல்லாம் பின்பக்கத்தில், ஓக் இலை வளையத்தைச் சுற்றி. பூவா தலையா போட்டால் தலைப்பக்கம் அம்மாவுக்கு விழுகிறது. உயிரோடு இருக்கும் ஒரு பெண் பேரரசருக்குச் சமமாக முன்பக்கத்தில் நிற்பது ரோமில் அதற்குமுன் யாரும் கண்டதில்லை.

சில மாதம் கழித்து, 55இல், அடுத்த காசு வருகிறது. இப்போது இரண்டு முகங்களும் ஒரே திசையைப் பார்க்கின்றன. நீரோ முன்னால், அக்ரிப்பினா பின்னால். அவருடைய முகத்தின் விளிம்பு மட்டும் மகன் முகத்துக்கு அப்பால் எட்டிப் பார்க்கிறது. முன்பக்க எழுத்தில் நீரோவின் பெயர். தாயின் பெயர் பின்பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, யானைகள் இழுக்கும் தேரைச் சுற்றி ஓடுகிறது. அதற்கும் அடுத்த காசில் அக்ரிப்பினா இல்லை. நீரோ தனியாக நிற்கிறார். 59இல் தாயைக் கொல்ல ஆள் அனுப்பினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் வீட்டுக்குள் பிடி தளர்ந்ததை அதற்கு நாலு வருடம் முன்பே காசு சொல்லிவிட்டது. நீரோ தொகுப்பு என்று தொடங்கும் எவருக்கும் கனவு இந்த இரண்டு காசுகள்தான். விலையும் அப்படித்தான்.

தனி முகமாக வந்த பிறகு சுமார் 64 வரை ஓர் அமைதியான காலம். வெள்ளி டெனாரியஸிலும் தங்க ஆரியஸிலும் வெறுந்தலையோடுதான் இருப்பார், கிரீடம் இல்லை. பின்பக்கத்தில் ‘எக்ஸ் எஸ் சி’ என்ற எழுத்துகள், அதாவது செனட் சபையின் தீர்மானப்படி. தங்கத்திலும் வெள்ளியிலும் இப்படிப் போடுவது வழக்கமில்லை. சபையை மதித்து நடப்பேன் என்று தொடக்கத்தில் சொன்ன இளம் பேரரசரின் பணிவு என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. சேகரிப்பாளருக்கு இந்தக் காலத்தில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ‘டிரிபூன் அதிகாரம்’ என்ற பேரரசரின் பட்டம் எத்தனையாவது ஆண்டு என்று ஒவ்வொரு காசிலும் எண் போட்டிருக்கும். எண்ணைப் பார்த்து முகத்தை வரிசையாக வைத்துவிடலாம்.

அப்படி வைத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். 55 முதல் 59 வரை நெற்றி முடி அகஸ்டஸ் குடும்பத்துப் பாணியில், வாள் நுனிபோல் கீழ்நோக்கிச் சீவியது. முகம் நிரம்பி வருகிறது, ஆனாலும் இளைஞன்தான். 59ஐ ஒட்டி முடி பக்கவாட்டில் அலையாகத் திரும்பத் தொடங்குகிறது, தாடையின் கீழ் சதை கூடுகிறது. இந்தக் காலத்தில்தான் முதல் தாடியை மழித்து, முத்துப் பதித்த தங்கப் பேழையில் வைத்து ஜூபிடர் கோவிலுக்குக் காணிக்கை கொடுத்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். நம் ஊரில் பழநிக்கு முடி காணிக்கை கொடுப்பதை நினைத்துக்கொண்டால் ரோமானியர் அவ்வளவு தூரத்து ஆட்களாகத் தெரிய மாட்டார்கள்.

64க்குப் பிறகு வருவதுதான் எல்லாருக்கும் பழக்கமான நீரோ. கன்னம் உப்பி, கண் உள்ளே போய், கழுத்து தாடையை விடத் தடித்து, பிடரியில் ஒரு சதை மேடு. முடி நெற்றிக்கு மேலே படிப்படியாக ஏறி நிற்கிறது. அவர் முடியைப் படி வரிசையாகச் சுருட்டிவிட்டுக்கொள்வார் என்று சூட்டோனியஸ் கேலியாகச் சொல்வதைக் காசு அப்படியே காட்டுகிறது. தலையில் இப்போது லாரல் கிரீடம். சில காசுகளில் தாடைக்கடியில் மெல்லிய தாடிகூட உண்டு.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். உலகத்தையே ஆளும் மனிதர், தன் காசில் உப்பிய கன்னமும் தாடைமடிப்பும் தெரிய ஏன் விட்டார்? அச்சு வெட்டுபவனை ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் அகஸ்டஸ்போல என்றும் பதினாறாக வெட்டிக் கொடுத்திருப்பான். எனக்குச் சரியென்று படும் விளக்கம் இது: அதை அவர் விரும்பினார். கிழக்கே, அலெக்சாண்டருக்குப் பின்வந்த கிரேக்க அரசர்களிடையே பருத்த உடல் வளமையின் அடையாளம். எகிப்தை ஆண்ட எட்டாம் டாலமியைத் ‘தொப்பையன்’ என்றே ஊர் அழைத்தது. இல்லாமை இல்லாத நாட்டின் அரசன் ஒல்லியாக இருப்பானேன் என்பது அந்தக் கணக்கு. நம் ஊரிலும் ‘பூசினாற்போல் இருக்கிறார்’ என்பது பாராட்டாக இருந்த காலம் ஒன்று உண்டல்லவா? யாழ் இசைத்துப் பாடுவதிலும் கிரேக்கப் போட்டிகளிலும் பித்தாக இருந்த நீரோ, முகத்தையும் அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். யாழ் மீட்டும் அப்பல்லோவை ஆஸ் என்ற சிறு காசின் பின்பக்கத்தில் போட்டதும் இதே காலத்தில்தான். அது நீரோவே என்று சூட்டோனியஸ் காலத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

இதற்கு எதிர்ச்சாட்சி நீரோ போன சிறிது காலத்திலேயே கிடைக்கிறது. 69இல் வந்த வெஸ்பாசியன் தன் காசில் வழுக்கை, சுருக்கம், கொக்கி மூக்கு எல்லாவற்றோடும் ஒரு கிழட்டு விவசாயிபோல நிற்கிறார். அந்த முகமும் வேண்டுமென்றே வைத்ததுதான். ‘நான் அவன் இல்லை’ என்று சொல்லும் முகம்.

64ஐ ஒட்டி முகம் மட்டும் மாறவில்லை. அந்த ஜூலையில் ரோம் எரிந்தது. ஊரைத் திரும்பக் கட்டவும், தனக்கொரு பொன் மாளிகை எழுப்பவும் பணம் வேண்டும். காசின் எடை குறைந்தது. ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 டெனாரியஸ் அடித்த இடத்தில் 96 அடித்தார்கள். தங்கத்தில் ராத்தலுக்கு 45 ஆரியஸ் என்று ஆனது. வெள்ளியின் மாற்றும் குறைந்தது. ‘எக்ஸ் எஸ் சி’ போய்விட்டது, ஆண்டு எண்ணும் போய்விட்டது. ஆக, வெறுந்தலையும் எண்ணும் இருந்தால் பழைய காசு, கிரீடம் இருந்து எண் இல்லாவிட்டால் புதியது என்று முதல் பார்வையிலேயே பிரித்துவிடலாம். சந்தேகம் வந்தால் தராசு இருக்கிறது: நல்ல நிலையில் உள்ள பழைய டெனாரியஸ் சுமார் 3.6 கிராம், புதியது அதைவிடக் கால் கிராம்போலக் குறைவு.

பெரிய காசுகளுக்கு வருவோம். செஸ்டர்டியஸ் என்ற பித்தளைக் காசு சுமார் 35 மில்லிமீட்டர் அகலம், 25 கிராமுக்கு மேல் எடை. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அச்சு வெட்டுபவன் கைவரிசை காட்ட அதில்தான் இடம். ரோமின் துறைமுகமான ஓஸ்டியாவைக் கப்பல்களோடு மேலிருந்து பார்ப்பதுபோல் வெட்டிய பின்பக்கம் இதில்தான் வருகிறது. ஜானஸ் கோவிலின் சாத்திய கதவும் அப்படியே. கடலிலும் தரையிலும் அமைதி வந்துவிட்டது, அதனால் கதவைச் சாத்தினோம் என்று பெருமை பேசும் காசு அது. ஆனால் நீரோ ஆட்சியின் முதல் சில ஆண்டுகளில் ரோம் பித்தளை, செம்புக் காசுகளையே அடிக்கவில்லை. அவை அறுபதுகளின் தொடக்கத்துக்குப் பிறகுதான் வருகின்றன. அதனால் பெரிய காசில் ஒல்லி நீரோவைத் தேடி அலைய வேண்டாம். பையன் முகத்துக்குத் தங்கம், வெள்ளி அல்லது மாகாணக் காசுகள்தான் வழி.

ஒரே ஆண்டில் அடித்த இரண்டு காசுகளில் நீரோ அண்ணன் தம்பிபோல வேறுபடுவதையும் பார்க்கலாம். காரணம் எளிது. ஒவ்வோர் அச்சும் கையால், இடவலம் மாற்றி, குழிவாக வெட்டியது. தலைநகரிலிருந்து வந்த மாதிரி ஒன்றுதான், வெட்டிய கைகள் பல. இதோடு பட்டறைகளும் இரண்டு: ரோம் ஒன்று, இன்றைய பிரான்சின் லியோனில் இருந்த லுக்டூனம் இன்னொன்று. இரண்டையும் பிரிக்க ஓர் அழகான அடையாளம் இருக்கிறது. லுக்டூனத்துப் பித்தளை, செம்புக் காசுகளில் கழுத்து முடியும் கூர்முனையில் மிளகு அளவுக்கு ஒரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கும். பூமி உருண்டை அது. ரோம் காசில் இருக்காது. இது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், பிறகு எந்த நீரோ காசைப் பார்த்தாலும் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும்.

கையில் காசில்லாதவர்களுக்கு அலெக்சாண்டிரியா நல்ல இடம். எகிப்துக்கென்று தனியாக அடித்த, வெள்ளி கொஞ்சமும் செம்பு நிறையவும் கலந்த தடித்த காசுகள் அவை. ரோம் காசுகளோடு ஒப்பிட்டால் மலிவு. ஒவ்வொன்றிலும் ஆட்சியாண்டு உண்டு. ஆங்கில எல் எழுத்தைப் போன்ற ஒரு குறி, அடுத்து கிரேக்க எழுத்தில் எண். ஐயோட்டா பத்து, காமா மூன்று, சேர்த்தால் 13. எகிப்தில் ஆண்டு ஆகஸ்டு கடைசியில் பிறக்கும். அந்தக் கணக்கில் நீரோவின் 13ஆம் ஆண்டு 66 ஆகஸ்டிலிருந்து 67 ஆகஸ்டு வரை. அவர் கிரேக்கத்துக்குப் போட்டிகளில் பாடப் போன பயணக் காலம். அதற்கேற்ப ஒலிம்பியாவின் ஜீயஸ், இஸ்த்மஸின் பொசைடன் என்று போட்டி நடந்த ஊர்களின் தெய்வங்கள் பின்பக்கத்தில் வருகின்றன. அவருடைய மனைவி பொப்பேயாவின் முகத்தைப் பெயரோடு பார்க்கவும் இங்கே வரலாம். ரோம் காசுகள் ஆண்டு எண்ணைக் கைவிட்ட அதே சமயத்தில் அலெக்சாண்டிரியா விடாமல் எழுதிக்கொண்டிருந்தது நம் அதிர்ஷ்டம்.

சரி, வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? காசு தேயும்போது முதலில் போவது மேடான இடங்கள். நீரோ விஷயத்தில் அவை கன்னமும் காதுக்கு மேலுள்ள முடியும். நன்றாகத் தேய்ந்த காசில் குண்டு நீரோ ஓரளவு இளைத்துத் தெரிவார், ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் விவரம் தேய்ந்தாலும் வெளிக்கோடு நிற்கும். தாடைக்கடியில் கோடு நேராக இறங்குகிறதா, தொங்கி வளைகிறதா, பிடரியில் மேடு இருக்கிறதா என்று நிழல்படம் பார்ப்பதுபோல் பார்த்தால் வயது பிடிபட்டுவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, செதுக்கிய காசு. பழைய உண்மையான செஸ்டர்டியஸ்தான், ஆனால் தேய்ந்துபோனது. அதன் மேல் யாரோ சிறு உளியால் முடியைப் புதிதாகக் கீறி, பின்பரப்பை வழித்துவிட்டிருப்பார்கள். நீரோவுக்கு இது அதிகம் நடக்கும், ஏனென்றால் விலையே அந்தப் படிமுடியில் இருக்கிறது. நாம் காலம் கணிக்க நம்பும் இடத்திலேயே பிற்காலத்துக்காரன் கைவைத்திருக்கிறான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், அச்சில் விழுந்த முடியின் ஓரம் மழுங்கி, உலோகம் ஓடிப் படிந்ததுபோல் இருக்கும். உளி கீறிய முடி பள்ளமாக, ஓரம் கூராக இருக்கும். முகமெல்லாம் தேய்ந்திருக்க முடி மட்டும் நேற்றுச் சீவியதுபோல் இருந்தால் நகர்ந்துவிடுவது நல்லது. முழுப் போலிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரத்தில் ஜொவான்னி தா கவீனோ ரோமானியச் செஸ்டர்டியஸ்களைப் பார்த்து அருமையாக வெட்டிய நகல்களை இன்று அவற்றுக்காகவே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வார்ப்புப் போலிகளில் பரப்பில் ஊசித்துளைகளும் விளிம்பில் அரம் போட்ட தடமும் தெரியலாம். பச்சைக் களிம்பு கெட்டியாக, மழமழப்பாக இருந்தால் கவலையில்லை. மாவுபோல் உதிரும் வெளிர்பச்சை என்றால் அது காசை அரிக்கும் நோய், பக்கத்துக் காசுகளோடு வைக்கக் கூடாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறாண்டு தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் புதையலாகக் கிடைத்ததை ஆட்சியரிடம் சொல்ல வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டமும் உயிரோடு இருக்கிறது. அதில் போட்ட பத்து ரூபாய் வரம்பு இன்றைக்குச் சிரிப்பை வரவழைத்தாலும் சட்டம் சட்டம்தான். நானே சேர்ப்பது பெரும்பாலும் படங்களைத்தான். பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் ரோமானியக் காசுகளை நல்ல படங்களாக இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. நீரோவின் இந்த முகங்களை எல்லாம் கைபேசியில் ஒரு கோப்பில் வரிசையாகப் போட்டுப் புரட்டினால், பையன் பெருப்பதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

68 ஜூனில் நீரோ தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டில் ‘கால்’ (Gaul) என்ற இன்றைய பிரான்சுப் பகுதியில் கிளம்பிய கலகத்தின் தடம் காசுகளிலேயே இருக்கிறது. சில நீரோ காசுகளில் ‘எஸ் பி கியூ ஆர்’, அதாவது செனட்டும் ரோம மக்களும், என்று ஒரு சிறு முத்திரையை மேலே அடித்திருக்கிறார்கள், பல சமயம் நேராகக் கழுத்திலேயே. காசு செல்லும், முகம் செல்லாது என்று அதைப் படிக்கலாம். சாதாரணமாக முகத்தில் அடிபட்ட காசுக்கு மதிப்புக் குறையும். இந்த முத்திரை இருந்தால் கூடும்.

முகத்தில் அடிபட்ட நீரோக்கள் நம் பக்கத்திலும் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பங்கு அகஸ்டஸும் திபேரியஸும்தான், நீரோ அபூர்வம். 64க்குப் பிந்திய குறைமாற்று வெள்ளி இங்கே எடுபடவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். உரைத்தும் நிறுத்தும் வாங்கிய ஊரில் அது நம்பக்கூடியதே. தங்கத்தில் கதை வேறு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலாக 501 ஆரியஸ்கள் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரை, நடுவே நீரோவும் கணிசமாக. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் தலைப்பக்கத்தில், முகத்தின் குறுக்கே, உளியால் ஓர் ஆழமான வெட்டு. உள்ளே வரை தங்கம்தானா என்று பார்க்க வெட்டினார்களா, இனி இது காசாகச் செல்லாது என்று குறிக்க வெட்டினார்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வெட்டியவர் யாரோ, பையன் நீரோ, குண்டு நீரோ, கிழட்டு வெஸ்பாசியன் என்று பார்க்கவில்லை. எல்லா முகத்துக்கும் ஒரே வெட்டு.